கடைசிப் பக்கம் என்னுடையது

அந்த நாவலின் கடைசிப் பக்கத்தை நான் மாற்றிப் படித்தேன். புத்தகத்தில் இல்லாத ஒன்றை, இருப்பதுபோல வரிகள்மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே, ஒரு கூட்டத்தின் முன்னால் உரக்கப் படித்தேன். இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

நான் அழுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அதில் இன்னமும் பெருமைதான். தொல்லையே அதுதான்.

உத்திரமேரூரில் நான் தமிழாசிரியை. பட்டிமன்ற மேடைகளில் ஏறி இறங்கியவள். குறிப்பே இல்லாமல் அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள், மூச்சுத் திணறாமல் பேசுவேன். அதனால்தான் எங்கள் வாசகர் வட்டத்தில் படித்துக்காட்டும் வேலை எனக்கு வந்தது. ஞாயிறு மாலைகளில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். நாவலோ செங்கல் கனம், ஒரே பிரதி. வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று மாதக்கணக்கில் போயிற்று.

ஆற்றங்கரை நகரம் ஒன்றில் மெல்ல மெல்லப் பக்தி வற்றுகிறது. பிறகு கல்வி, நீதி, பேச்சு... எல்லாமே வற்றுகின்றன. ஒரு நாகரிகம் எப்படிச் சரிகிறது என்பதுதான் கதை. எங்களுக்கு அது குத்தாமல் இருக்குமா? வெளியூர்க்காரர் யார் வந்தாலும் கல்வெட்டு மண்டபத்துக்கு அழைத்துப்போய், அந்தக் காலத்திலேயே குடவோலை போட்ட ஊர் என்று மார்தட்டுகிறவர்கள் நாங்கள். அப்புறம் அவர்களோடு டீ குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

வட்டத்தில் சோமு குருக்கள் என்று ஒருவர். மாகறல் பக்கத்துச் சிற்றூர்ச் சிவன் கோயிலில் பூஜை செய்கிறவர். மொபெட்டில் வருவார், கடைசி நாற்காலியில் உட்காருவார். பல நாள் சுவாமியும் அவரும் மட்டும்தான் என்று ஒருமுறை சொன்னார். பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக் கோயிலுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வீடு, நல்ல சம்பளம், பையனுக்குப் பள்ளிக்கூடம். தைக்குள் பதில் சொன்னால் போதும் என்றிருந்தார்கள். அவர் முடிவு செய்யாமல் இருந்தார்.

இன்னொருத்தி ஸ்டெல்லா. அங்கன்வாடியில் வேலை, காலையில் சர்ச்சு, மாலையில் எங்கள் வட்டம். அவளுடைய அப்பா அம்மா அந்தக் குருக்களின் ஊரில் கழனி வேலை செய்தவர்கள். ஒருநாள் நான் உருகி உருகிப் படித்து முடித்ததும் அவள் கேட்டாள்:

"ஏன் டீச்சர், அந்தக் கோயிலுக்குள்ள எங்காளுங்கள எப்ப வுட்டாங்க? அது அழிஞ்சா எங்களுக்கு இன்னா நஷ்டம்?"

எனக்குப் பதில் வரவில்லை. எனக்கா! அது ஒரு வாரம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசி அத்தியாயத்தை, அது முறைவந்த ஞாயிறன்று காலையே தனியாகப் படித்துவிட்டேன். நகரத்தின் கடைசி அர்ச்சகர் கோயிலைப் பூட்டி, சாவியை வற்றிய குளத்தில் எறிந்துவிட்டுப் பேருந்து ஏறுகிறார். அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பக்கம் எழுதியவருக்கு இதற்கு மேல் தெம்பில்லையா என்று நினைத்தேன். குருக்கள் மேல் இரக்கப்பட்டு மாற்றினேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது பொய். இதைவிட நான் நன்றாக முடிப்பேன் என்ற திமிர்தான் காரணம்.

மாலையில் கடைசிப் பக்கம் வந்தது. சாவியை எறியக் கை ஓங்குகிறார் அர்ச்சகர். அந்த இடத்தில் என் வாய் தனி வழியே போயிற்று. என் கதையில் மழை கொட்டியது. சேரியிலிருந்து ஆடு மேய்க்க வந்த ஒரு சிறுமி, கோயில் வாசலுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்டாள். அர்ச்சகர் கதவைத் திறந்துவிட்டார். 'ஆள் வராத கோயிலைத் திறந்து வைப்பவன், ஊரையே திறந்து வைக்கிறான்' என்று முடித்தேன்.

யாரும் அசையவில்லை. ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குருக்கள் அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ஒரு சொல் பிசகாமல் படித்தேன்.

எத்தனையோ மேடைகளில் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த மௌனத்துக்கு அவையெல்லாம் உறை போடக் காணாது!

மார்கழியில் ஸ்டெல்லா சென்னையில் அந்த நாவலைச் சொந்தமாக வாங்கிவிட்டாள். நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"அந்தப் பொண்ணு புக்குலயே இல்லியே டீச்சர்."

நான் தலைகுனியவில்லை. "பிடித்திருந்ததா இல்லையா?" என்று கேட்டேன்.

"புடிச்சிது. அதுக்கோசரந்தான் அழுதேன். ஆனா சாமி அத்த நம்பிக்கினு பெங்களூரு போமாட்டேன்றாரு. அவராண்ட சொல்லிடுங்க டீச்சர். அப்பால அவரு இஷ்டம்."

சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். கோயிலில் அவரைத் தவிர யாருமில்லை. தீபாராதனை முடித்து என் கையில் விபூதி கொடுத்தார்.

"நல்ல நேரத்துல வந்தேள் டீச்சர். பெங்களூர்காராளுக்குப் பதில் சொல்லணும். ஆத்துல தினம் சண்டை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கடைசி வரி இருக்கே... எழுதினவர் அதை நம்பித்தான் எழுதியிருப்பாரா? இல்லே, சும்மா அழகுக்கா?"

இதைவிட நல்ல வாய்ப்பை யார் கொடுப்பார்கள்? வாயைத் திறந்தேன். ஆனால் என் வரியை ஒருவர் இப்படிச் சுமந்துகொண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்க, உள்ளே குளிர்ந்து போயிற்று. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது.

"நம்பித்தான் எழுதியிருக்கிறார், சாமி" என்றேன்.

என் எதிரிலேயே போனை எடுத்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இப்போது அவர் மனைவி விடியற்காலை பஸ்ஸில் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போகிறார். பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. நின்று, சௌக்கியமா டீச்சர் என்று கேட்கிறார். ஸ்டெல்லா வட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். குருக்கள் அந்த வரியை வருகிறவர்களிடமெல்லாம் நாவலாசிரியர் பெயரோடு சொல்கிறார். அது என் வரி என்று கத்தவேண்டும் போலிருக்கிறது... கத்தினால் அவருக்கு அது வெறும் வரியாகிவிடும்.

அவர் கேட்டாரே, நம்பித்தான் எழுதினாரா என்று? அதை நான் தினமும் என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலையும் நம்பவில்லை, ஊரையும் நம்பவில்லை. என் குரலைத்தான் நம்பினேன்.