தள்ளிவிட்டால் ஓடும் எஞ்சின்

காலை வண்டி பொன்னேரியைத் தாண்டியபோது செய்தி வந்தது. ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார் என்று நம் ரயில் நண்பர்கள் குழுவில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருந்தார். அன்று அவருக்கு வார விடுமுறை. அதனால்தான் வண்டியில் இல்லை என்று நினைத்திருந்தேன். கவரைப்பேட்டையில் இறங்கி எதிர் வண்டிக்குக் காத்திருந்தேன். அது வருவதாகத் தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் அவர் எலக்ட்ரீஷியன், நான் லேத்தில். கிரேன் சத்தத்துக்குப் பழகிய தொண்டை அவருக்கு. ரயிலில் அவர் ரகசியம் பேசினால் பெட்டி முழுக்கக் கேட்கும். ரயில் நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததா?

பழைய பொருள் கடையில் வாங்கிய மாடல் ரயில் ஒன்று அவர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பொம்மை என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். வளைவுக்கு வளைவு நின்றுவிடும் எஞ்சின். அண்ணன் விரலால் தள்ளிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தோம். பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தது, மோட்டாரும் தேய்ந்துபோயிருந்தது.

"சும்மா ஓடினா போதாது நைனா. கரண்டு ஒரு நொடி உட்டாலும் நிக்காம போவணும்" என்றார். ஓட்டம் அறுபடாமலிருக்க நான் பித்தளையில் ஒரு குட்டி ஃப்ளைவீல் சக்கரம் கடைந்தேன். அவர் வீணாய்ப்போன சிடி பிளேயரிலிருந்து மோட்டாரையும் பல்சக்கரத்தையும் கழற்றினார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பஸ் டிக்கெட்டைச் செருகி, லேசாக உருவ வருகிறதா என்று பார்ப்பார். "ஒட்டிக்கினு இருந்தா கத்தும், தள்ளி இருந்தா வழுக்கும்." இதையே புருஷன் பெண்டாட்டிக்கும் சொல்வார். அடுப்படியிலிருந்து கஸ்தூரி அண்ணி கரண்டியைக் காட்டுவார்.

புது மோட்டாரில் எஞ்சின் நிற்காமல் சுற்றியது. பழக்கத்தில் நீட்டிய விரலை அண்ணன் மடக்கிக்கொண்டார். தனக்கு இனி வேலையில்லை போலிருக்கிறது என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு அண்ணியைப் பார்க்கப் போனேன். தண்டவாளம் போட்டது போட்டபடி இருந்தது. அண்ணி தாமாகவே பேச ஆரம்பித்தார்.

"முன்னெல்லாம் வண்டி நிக்கும். மறுபடி சத்தம் வந்தா, அவரு தள்ளி உட்டாருன்னு அடுப்பாண்டயே தெரிஞ்சிடும். அன்னிக்கு நிக்கவே இல்ல தம்பி. ஓடிக்கினே இருந்துச்சு. அவரு வெளையாடிக்கினு இருக்காருன்னு நாஷ்டா ஆறுற வரைக்கும் உட்டுட்டேன்."

ஒரு நொடியில் உயிர் போயிருக்கும், முன்பே பார்த்திருந்தாலும் பலன் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதையே நானும் சொன்னேன். அண்ணி தலையாட்டினார். எஞ்சினை எடுத்து என் கையில் கொடுத்துக் கேட்டார்.

"பழைய மோட்டாரையே மாட்டிக் குடுப்பியா? நின்னா நான் எய்ந்து போயி தள்ளி உடுறேன். இந்த ஊட்ல என்னைத் தேடுறதுக்கு வேற ஒண்ணும் இல்ல."

பல வாரம் இருவரும் சேர்ந்து சரிசெய்ததை ஒரே மத்தியானத்தில் நான் தனியாகக் கெடுத்தேன். எஞ்சினைப் பிடித்துக்கொள்ள எதிரே ஆள் இல்லாமல் திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. பழைய மோட்டாரோடும் விரிசல் விட்ட பழைய பல்சக்கரத்தோடும் எஞ்சின் வளைவு வரை போய் நின்றது. அண்ணி எழுந்து போனார்.

அண்ணன் பார்த்துப் பார்த்துப் பொருத்திய மோட்டார் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை மாட்ட என்னிடம் எஞ்சின் இல்லை.