ஏழு கோழிக்கு ஏழு சாமி

மேனாம்பேட்டில் துலுக்கானம் என்று கேட்டால், "எந்தத் துலுக்கானம், மீசையா?" என்பார்கள். ஆமாம், அந்த மீசைதான் நான். ஆறடி உடம்பு. ஏரிக்கரைக் கத்தரித் தோட்டத்தில் நின்று அதட்டினால் அடுத்த கழனி மாடு கூட நின்றுவிடும். அவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு கோழியை அறுக்க மனசு வராத ஆள் நான். அதை வெளியே சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தால் என் மகள் மூன்று மாசம் புருஷன் வீடு போகாமல் கிடந்தாள். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

என் மகள் வரலட்சுமியின் கல்யாணம் யுத்த காலத்தில் நடந்தது. அரிசிக்கே ததிங்கிணத்தோம். பூசணிக்காய் சாம்பாரோடு பந்தியை முடித்துவிட்டேன். மாப்பிள்ளை செங்கல்வராயன் வானகரத்துப் பிள்ளை, வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா முத்தம்மாளுக்கு வாய் உண்டு. ஆடி பிறந்து, வழக்கப்படி புதுப்பெண்ணை அழைத்துவரப் போனேன். அந்த அம்மாள் வாசலில் நின்றுகொண்டு, "பூசணிக்கா துன்ன வாயி இன்னும் நமநமன்னு கீது சம்பந்தி" என்று சிரித்தாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மீசையை முறுக்கினேன். "ஆவணில வாங்க சம்பந்திம்மா. என் ஊட்டுக் கோழிய அட்ச்சு விருந்து போட்டுத்தான் என் பொண்ண திருப்பி அனுப்புவேன். இது சத்தியம்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். "சரி, கோழி ரெடின்னு ஆள் அனுப்புங்க, வரோம்" என்றாள் அவள். அப்போது என் வீட்டில் ஒரு கோழி இறகு கூடக் கிடையாது.

மறுநாளே மண்ணூர்பேட்டையில் இரண்டு மாசத்துக் குஞ்சாக ஏழு பிடித்துவந்தேன். கறிக்குத்தான் வளர்க்கிறேன் என்று எனக்கு நானே பத்து தடவை சொல்லிக்கொண்டேன். அதுவரை எங்கள் வீட்டுக் கோழியையெல்லாம் அறுத்தவன் என் தம்பி கோதண்டம். அவன் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். நான் தின்பதோடு சரி. குழம்பில் மிதக்கும்போது யார் என்ன என்று நான் விசாரித்ததில்லை.

விசாரிக்காமல் இருப்பதற்கு வளர்க்காமல் இருந்திருக்க வேண்டும். பழைய சட்டியில் சாணியும் வைக்கோலும் திணித்துக் கரைமேல் கவிழ்த்து வைப்பேன். விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். அதைக் கொட்டினால் ஏழும் என் காலைச் சுற்றி வந்து கொத்தும். பருந்து வட்டம் போட்டால் தலைப்பாகையை வீசிக்கொண்டு ஓடுவேன். கறுப்பும் சிவப்புமாக ஒரு சேவல் இருந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்து, நான் தண்ணீர் பாய்ச்சும் பாத்தி ஒவ்வொன்றையும் பார்வையிடும். அதற்குத் தாசில்தார் என்று பேர் வைத்தேன். அறுக்கப்போகிற கோழிக்கு எவனாவது பேர் வைப்பானா? இந்த மீசைக்காரன் வைத்தான்.

ஆவணி பிறந்தது. என் சம்சாரம் பொன்னம்மாள் ஒரு வெடைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இத்த அட்ச்சுடலாமாயா? வானகரத்துக்கு ஆள் அனுப்பட்டா?"

கோழி என்னைப் பார்த்தது.

"அத்த வுடுமே! அது வேம்புலியம்மனுக்கு நேந்துவுட்டது."

"எப்ப நேந்துகினே? எதுக்கு?"

"முட்டி வலிக்கு."

"உனுக்கு ஏதுயா முட்டி வலி?"

"ஆம்பள எல்லாத்தியும் சொல்லிகினா திரிவான்?"

சாமிக்கு நேந்துவிட்ட கோழியை வேறெதற்கும் தொடக்கூடாது. அடுத்த வருஷம் ஆடித் திருவிழாவில், அந்தச் சாமி முன்னால்தான் அறுக்க வேண்டும். பொன்னம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மஞ்சள் துணி கிழித்துக் கோழியின் காலில் கட்டினாள். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். என்ன, அன்றிலிருந்து நான் நொண்ட வேண்டியதாகிவிட்டது. பதினைந்து நாள் நொண்டினேன். எந்தக் கால் என்று சில நாள் எனக்கே மறந்துபோகும்.

அடுத்த வாரம் அவள் இன்னொன்றைப் பிடித்தாள். அது மதுரைவீரனுக்கு என்றேன், பல்வலிக்காக. நாலு நாள் வெறும் கஞ்சி ஊற்றினாள். என் கண்ணெதிரே தாயும் மகளும் கருவாட்டுக் குழம்பு தின்றார்கள். மூன்றாவது முனீஸ்வரனுக்கு, கெட்ட கனவுக்காக. தலைமாட்டில் துடைப்பத்தையும் செருப்பையும் வைத்துப் படுக்கச் சொன்னாள். படுத்தேன். நாலாவது அங்காளம்மனுக்கு. ஐந்தாவதுக்கு வியாதி ஒன்றும் அகப்படவில்லை. யுத்தம் முடியணும் என்று எல்லையம்மனிடம் நேந்துகொண்டதாகச் சொன்னேன். "அம்மாம் பெரிய சண்டைக்கு ஒரு கோழி போதுமாயா?" என்று கவலைப்பட்டாள் அந்தப் புண்ணியவதி.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்பத்தூர் சந்தையில் என் கத்தரிக்காய்க் கூடை முன்னால் மாப்பிள்ளை வந்து நிற்பான். அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் அரிக்கும். ஆனாலும் ஒரு வீசை கத்தரிக்காய் வாங்குவான். காம்பைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்துக் கேட்பான்.

"கோழி எம்மாம் பெரிசு ஆயிக்கீது மாமா?"

"இன்னும் ஸொல்பம் சதை புடிக்கணும் மாப்ள."

"சரி மாமா. லச்சுமி நல்லா கீதா?"

"அவளுக்கு இன்னா, ராசாத்தி மாதிரி கீறா."

பொய். லட்சுமி சாயங்காலமானால் தலை சீவி, பூ வைத்து, வானகரம் போகும் வண்டிப்பாதையைப் பார்த்தபடி வேலி ஓரம் நிற்பாள். அப்புறம் உள்ளே வந்து கோழிகளைப் பஞ்சாரக் கூடையில் அடைப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தாசில்தாருக்குக் கம்பு போடப் போய்விடுவேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. பெருமாளே, நீதான்யா சாமி என்று கும்பிட்டேன். முப்பது நாள் நிம்மதியாகத் தூங்கினேன். ஐப்பசியில் தலை தீபாவளி. மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் வந்து விருந்து சாப்பிட்டு, பெண்ணைக் கையோடு கூட்டிப்போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொன்னம்மாள் ஆறாவதைப் பிடித்தாள். கன்னிமாருக்கு என்றேன். கடைசியாகத் தாசில்தாரைப் பிடித்தாள். எனக்கு வாயில் ஒரு சாமி பேரும் வரவில்லை.

"அது... ஏரி மதகாண்ட கீறாரே, அவருக்கு."

"அங்க ஏதுயா சாமி?"

"கீறாருமே. பேர்தான் தெர்ல."

அவள் அதற்கும் மஞ்சள் துணி கட்டினாள்.

வெளியில் வாங்கலாம் என்று இரண்டு நாள் அலைந்தேன். ஆவடி பட்டாள முகாமுக்குக் கோழி சேர்க்கிறவர்கள் சுற்றுவட்டாரத்தையே வழித்துக்கொண்டு போயிருந்தார்கள். அடை கிடந்த கோழியைக் கூட விடவில்லையாம். கடைசியில் வேறு வழியில்லாமல் பொன்னம்மாளிடம் உண்மையைக் கக்கினேன்.

"எல்லாம் பொய்மே. நான் ஒரு சாமிக்கும் நேந்துக்கல. அறுக்க மனசு வர்ல, அதான்."

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இன்னா வார்த்த பேசறே! நேந்தத இல்லன்னு சொன்னா கண்ணு அவிஞ்சுடும்யா!"

"சத்தியமா நேந்துக்கலமே."

"முட்டி வலி இப்ப கீதா?"

"இல்ல."

"பல்லு வலி?"

"அதுவும் இல்ல."

"அப்பால? சாமிங்க குடுத்துட்டாங்க. காரியம் ஆனதும் ஏமாத்தப் பாக்கறியா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பொய் சொன்னபோதெல்லாம் நம்பினவள், நிஜம் சொன்னதும் என்னைத் திருடன் மாதிரி பார்த்தாள்.

தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லோரும் இலை முன் உட்கார்ந்தார்கள். இட்லி வந்தது. வடை வந்தது. அப்புறம் கத்தரிக்காய்க் குழம்பு வந்தது. செங்கல்வராயன் அதைப் பார்த்ததுமே கையைச் சொறிய ஆரம்பித்துவிட்டான். முத்தம்மாள் இலையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அங்கே ஏழு கோழியும் மஞ்சள் துணியோடு சீமந்தத்துக்கு வந்தவர்கள் மாதிரி உலாத்திக்கொண்டிருந்தன.

"ஏழு கோழி கண்ணெதிர்ல திரியுது. என் புள்ளைக்குக் கத்திரிக்காவா?"

"அது எல்லாம் நேந்துவுட்டது சம்பந்திம்மா" என்றாள் பொன்னம்மாள்.

"ஏழுமா?" அந்த அம்மாள் இலையை மூடிவிட்டு எழுந்தாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. "கோழி விருந்து போட்டுத்தான் பொண்ண அனுப்புவேன்னு நீங்கதான் சத்தியம் பண்ணீங்க சம்பந்தி. விருந்தும் இல்ல, உங்களுக்கு அனுப்பவும் மனசு இல்ல போலக்கீது. பொண்ண நீங்களே வெச்சுக்கோங்க. எழுந்திருடா."

மாப்பிள்ளை லட்சுமியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். எழுந்துவிட்டான்.

லட்சுமி அடுப்படியிலிருந்து வந்தாள். புதுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் கத்தி. யாரையும் பார்க்காமல் வாசலில் இறங்கி, ஒரே எட்டில் தாசில்தாரை இறக்கையோடு பிடித்து, காலில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்துப் போட்டாள். பொன்னம்மாள், "அடிப்பாவி!" என்று அலறினாள்.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். அப்போதாவது இந்த வாயில் நல்ல வார்த்தை வந்ததா? "தாயி, அது நேந்தது, வேணாண்டி" என்றேன். மறுபடியும் அதே பொய்.

லட்சுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாசமாகப் பேசாதவள் பேசினாள்.

"ஏழு கோழிக்கும் ஏழு சாமி தேடிப் புட்ச்சியே நைனா. உன் பொண்ணு புருஷன் ஊட்டுக்குப் போவணும்னு ஒரு சாமியாண்ட ஒரு தேங்காயாச்சும் நேந்துகினியா?"

நேந்துகொள்ளவில்லை. அது நினைப்பிலேயே வரவில்லை. அதுதான் உண்மை.

"குடுமா" என்று கத்தியை வாங்கினேன். சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பினேன். "சம்பந்திம்மா, நான் ஒரு சாமிக்கும் நேந்துக்கல. எனக்குக் கோழி அறுக்க பயம். அத்த மறைக்க சாமிங்க பேர்ல பொய் சொன்னேன். தப்பு என்துதான், பொண்ணுது இல்ல. குந்துங்க, ஒரு நாழில கொழம்பு வந்துடும்." தெருவே கேட்கக் கத்திப் பழகிய குரல், அன்றைக்கு அந்த நாலு பேருக்கே சரியாகக் கேட்கவில்லை. முத்தம்மாள் என் மீசையை ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவளுக்கு முன்பே உட்கார்ந்துவிட்டான்.

"காலப் புடி" என்றேன் லட்சுமியிடம். பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணத் தொற நைனா, என் கைய வெட்டிடப்போறே" என்றாள். திறந்துகொண்டுதான் அறுத்தேன். நன்றாக அறுத்தேன் என்று சொல்லமாட்டேன். வேட்டியெல்லாம் ரத்தம். பொன்னம்மாள் வேம்புலியம்மன் கோயில் பக்கம் பார்த்து விழுந்து விழுந்து கும்பிட்டுவிட்டு, அழுதுகொண்டே மசாலா அரைத்தாள்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். சம்பந்தியம்மாள் இரண்டாம் தடவை குழம்பு கேட்டாள். லட்சுமி என்னையும் உட்காரவைத்து, தொடைக்கறியை என் இலையில் வைத்தாள். அப்புறம் புருஷன் இலைக்கு நகர்ந்தாள். அவள் கை வளையல் சத்தம் கேட்டு மூன்று மாசமாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாய் வைத்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"உப்பு ஜாஸ்தி" என்றேன்.

லட்சுமி ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "கொழம்புல சரியா கீது நைனா. கண்ணத் தொடச்சிகினு துன்னு" என்றாள்.