மழையில் பறந்த புழுதி

"அப்பா, இப்பக் குளிரலீங்க. தூக்கந்தான் வருது" என்று என் மகள் சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது. அதுவரை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை. நடுக்கம் திடீரென்று நின்றுவிட்டது. உதடு வெளுத்துக் கிடந்தது. மலைச்சரிவில், கொட்டுகிற மழையில், ஒதுங்க இடமில்லாமல் நானும் என் மனைவியும் பிள்ளையும் நின்றுகொண்டிருந்தோம். அன்றோடு என் குடும்பம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எனக்குத் திருச்செங்கோடு பக்கம். ரிக் வண்டியில் டிரில்லர். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுவதுதான் பிழைப்பு. தர்ஷினி எங்களுக்கு ஒரே மகள். போன ஆவணியில் அவள் விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "பெருமாளே, பிள்ளையை எழுப்பிக் கொடு. புரட்டாசியில் அவளையும் கூட்டிக்கொண்டு உன் மலை ஏறுகிறேன்" என்று வேண்டினேன். எழுப்பிக் கொடுத்தார். உடம்பு தேறட்டும், அடுத்த வருடம் போகலாம் என்று என் மனைவி செல்வி தலையால் அடித்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. சாமி காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை போனோம். தரிசனம் நன்றாகவே ஆயிற்று. இறங்கும்போது படிகளில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பிள்ளை களைத்துவிட்டாள். மலையின் பின்பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் போகிற ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அதில் போனால் சீக்கிரம் இறங்கிவிடலாம் என்று கூட்டிப் போனேன்.

பாதி வழியில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் இடி. அப்புறம் மழை. கீழே பாதையை அறுத்துக்கொண்டு செம்மண் தண்ணீர் ஓடியது. இறங்கி வந்த பாறையோ கால் வைத்தால் வழுக்கியது. எங்கள் தலைக்கு மேலேயே மின்னல் வெட்டியதால் மரத்தடியில் நிற்கவும் பயம்.

அப்போது ஒரு குகை கண்ணில் பட்டது. வாசலெல்லாம் பச்சைப் பசேலென்று செடி. உள்ளே கறுப்பு மண், காலுக்கு மெத்தென்று இருந்தது. ஜில்லென்று காற்று வந்தது. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? மண் எங்கே ஈரமாக இருக்கிறது, கொடி எங்கே செழித்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண். தண்ணீர் இருக்கிற அப்படிப்பட்ட இடத்துக்கு எங்கள் தொழிலில் பெயர் நல்ல பாயிண்ட். பிள்ளையை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்சுவர் வெடிப்பில் தண்ணீர் கசிந்தது. பிறகு பீய்ச்சியது. மலைமேல் பெய்த மழையெல்லாம் அந்த வெடிப்பு வழியாகத்தான் வெளியே வருகிறது போல. செல்வி பிள்ளையை வாரி எடுப்பதற்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது.

"ஏனுங்க, இங்கயும் போர் போடறதுக்குப் பாயிண்டு பாத்தீங்களா?" என்று கத்தினாள். கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

வெளியே வந்தோம். காற்று ஈர உடம்பில் ஊசியாகக் குத்தியது. அப்போதுதான் பிள்ளை தூக்கம் வருகிறது என்றாள். "தூங்காத சாமி, அம்மாவப் பாரு சாமி" என்று செல்வி அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கண் செருகிச் செருகிப் போயிற்று. எனக்குப் பெருமாள் மேல் ஆத்திரம் பொங்கியது. இதற்காகவா அன்றைக்கு எழுப்பிக் கொடுத்தாய் என்று மனசுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

ஒவ்வொரு போருக்கும் முன்னால் வண்டிக்குச் சூடம் காட்டி, "பெருமாளே, தண்ணி காட்டு" என்று கும்பிடுகிறவன் நான். அத்தனை வருடமும் வண்டி முன்னால் நின்று வேறெதுவும் கேட்டதில்லை. அன்று அந்தப் பாறையில் நின்றுகொண்டு, "கோவிந்தா! தண்ணி இல்லாத இடம் ஒண்ணு காட்டப்பா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

காற்று சுழன்று அடித்தது. என் கண்ணில் ஏதோ விழுந்து உறுத்தியது. கசக்கினேன். விரலில் புழுதி.

எனக்குப் புழுதியைத் தெரியும். போர் போடும்போது தண்ணீர் வராமல் குழாய் வழியே புகையாகக் கிளம்புமே, அதே காய்ந்த பாறைப் புழுதி. நான் சாபம் விடுகிற புழுதி. இத்தனை மழையில் காய்ந்த புழுதி பறக்கிறதென்றால், காற்று வரும் பக்கம் மழை படாத இடம் ஒன்று இருந்தே ஆக வேண்டும்! அண்ணாந்து பார்த்தேன். மேலே, ஒரு பாறை மடிப்புக்கு அடியில், மொட்டையாக ஒரு பொந்து. வாசலில் ஒரு புல் பூண்டு கிடையாது. சும்மா இருக்கும்போது அதை நான் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தவழ்ந்து ஏறினேன். செல்வி பின்னாலிருந்து என் காலை ஒவ்வொரு வெடிப்பிலும் எடுத்து வைத்தாள். உள்ளே மூன்று பேர் உட்கார இடமிருந்தது. தரை முழுக்கப் புழுதி. பழைய ஆட்டுப் புழுக்கை. ஆடு மேய்ப்பவர்கள் போட்டுவிட்டுப் போன சுள்ளி. பிளாஸ்டிக் பையில் பூஜைச் சூடமும் தீப்பெட்டியும் நனையாமல் இருந்தன. சூடத்தை வைத்துச் சுள்ளியைப் பற்ற வைத்தேன். ஈரத் துணியை உரித்துவிட்டுச் செல்வி பிள்ளையை மடிக்குள் வைத்து அணைத்துக்கொண்டாள். நான் உள்ளங்காலைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு பிள்ளை மறுபடியும் நடுங்க ஆரம்பித்தாள். அந்த நடுக்கத்தைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதேன்.

"பசிக்குதுங்கம்மா" என்றாள். பிரசாதப் பொங்கலை ஊட்டினோம். மழை விட்டதும் இறங்கினோம்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது, காற்று அடித்தால் புழுதி பறக்கத்தானே செய்யும் என்றார் எங்கள் ரிக் முதலாளி. பறக்கும், ஒத்துக்கொள்கிறேன். நான் கூப்பிட்ட நேரத்துக்கு ஏன் பறந்தது என்று கேட்டேன். அவர் இன்னொரு டீ சொன்னார்.

முன்பெல்லாம் தண்ணீர் வராமல் போர் புகைந்துபோனால் குழாயைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவேன். இப்போது அந்தக் காட்டுக்கார விவசாயி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறேன். பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன்.

இதைப் படிக்கும் அடியார்களே, உங்களில் யாராவது இன்று வழி தெரியாமல் நின்றால் வாய்விட்டுக் கூப்பிடுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடு கூப்பிடுங்கள். இந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் கூப்பிட்டபோது என் மகள் அம்மா தோளில் துணி மாதிரி கிடந்தாள். இப்போது நான் இதை எழுத, பக்கத்து அறையில் அவள் தலை பின்ன விடாமல் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.