மண்ணில் படுத்த கம்பி

எங்கள் நெற்களத்தின் சிமெண்டுத் தளம் வெடித்ததற்கு எங்கள் தெரு டிராக்டர்தான் காரணம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள், ஓவர்சியர் சார். அது பொய். கம்பியை மணலில் படுக்கப் போட்டு அதன்மேல் கான்கிரீட் கொட்டச் சொன்னவர் நீங்கள்.

வலங்கைமான் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தெரு. நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலம் பட்டாவாகி எங்கள் கைக்கு வருவதற்குள் கோர்ட்டும் போலீசுமாக ஒரு தலைமுறை போய்விட்டது. நிலம் வந்தும் நெல் காயப்போட இடமில்லை. மிராசுதார் களத்து வாசலில்தான் நின்றோம். அவர் நெல் காய்ந்து ஏறிய பிறகுதான் எங்கள் நெல். அதற்குள் மழை பிடித்தால் மூட்டையிலேயே முளைவிடும். அதனால் எங்கள் மண்ணிலேயே சிமெண்டுக் களம் என்று உத்தரவு வந்த அன்று தெருவில் வெடி போட்டார்கள். நான் கும்பகோணத்தில் கம்பி கட்டுகிறவன். நம் களத்துக் கம்பியை வேறு எவனும் தொடக்கூடாது என்று பஸ் ஏறி ஓடிவந்தேன்.

களம் நான்கு பத்தி; ஒவ்வொரு பத்தியும் தனித்தனியாக ஊற்றுகிற ஒரு கட்டம். அரை அடி கனம். கம்பியைக் கட்டி முடித்துவிட்டு உங்களிடம் வந்தேன்.

"சார், கம்பியத் தரையிலேர்ந்து தூக்கி நிறுத்த சேர் வேணும், வளைச்ச கம்பிக் கால்."

"சேரா? இது என்ன கல்யாண மண்டபமா? மாடித் தளத்துக்குக் கம்பி அடியிலதானே கெடக்கு. எனக்கே சொல்லித்தரியா?"

"மாடி அந்தரத்துல நிக்குது சார். இது தரையில படுத்திருக்கு. காயக் காயச் சுருங்கி மேலேர்ந்துதான் வெடிக்கும். கம்பி மேல் பாதியில இருந்தாத்தான் இழுத்துப் பிடிக்கும்."

"ஊத்துறப்ப கொக்கி போட்டுத் தூக்கிக்கலாம்யா. உங்க களத்துக்கு இதுவே ஜாஸ்தி."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு இன்னும் எரிகிறது.

முதல் பத்தி ஊற்றினார்கள். ஒருவன் கொக்கியால் தூக்கினான், பின்னால் சட்டியோடு வந்த எட்டுப் பேர் மிதித்தார்கள். நான் குனிந்து ஈரக் கான்கிரீட்டுக்குள் கையை விட்டேன். உள்ளங்கை பாதிக்குமேல் மூழ்கியும் கம்பி தட்டவில்லை. அடியில் மணல் விரலில் பட்டபோதுதான் அதுவும் பட்டது. கையை அப்படியே உயர்த்திக் கத்தினேன்.

"அடியிலதான் கெடக்கு! வந்து தொட்டுப் பாருங்க!"

என் அண்ணி நேராகப் போய் இரண்டாவது பத்திக் கம்பிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க வூட்டு மாடியையும் கொக்கி போட்டுத்தான் தூக்குனீங்களா சார்? இப்ப என்மேல ஊத்துங்க பாப்போம்."

அவர் பக்கத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். கலவை மிஷின் நின்றது. நீங்கள் "போலீஸக் கூப்பிடுறேன்" என்றீர்கள். "அவங்களும் வந்து கைய விட்டுப் பாக்கட்டும்" என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு அடங்கவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டீர்கள்.

பிறகு நடந்ததுதான் வேலை! மீந்த கம்பியைத் துண்டு போட்டேன். பலகையில் ஆணி அடித்து அதில் கொடுத்துச் சேராக வளைத்தேன். ஒவ்வொன்றும் நாலு விரல் உயரம். வெறும் மணலில் அதன் கால் இறங்கிவிடும் என்றேன். வீடு வீடாக உடைந்த கடப்பைக் கல் துண்டுகள் வந்து குவிந்தன. கல்லை வை, சேரை நிறுத்து, கம்பியைக் கட்டு என்று ஓடினோம். சாயங்காலத்துக்குள் மீதி மூன்று பத்திக் கம்பியும் நிமிர்ந்து நின்றது. நான் மேலே ஏறிக் குதித்தேன். இறங்கவில்லை. தெருவே மாறி மாறி ஏறி மிதித்துப் பார்த்தது. மறுநாள் வேலை பார்த்த மேஸ்திரி அந்தச் சேர்கள்மேலேயே மூன்று பத்தியையும் ஊற்றிக் கொடுத்தார்.

ஒரு கோடை போனது. கொக்கி போட்டு ஊற்றிய முதல் பத்தி குறுக்கே பிளந்துவிட்டது. பிளவுக்குள் விழுகிற நெல்லைக் கூட்டினால் மண்ணும் சேர்ந்து வருகிறது; கொள்முதல் நிலையத்தில் திருப்பி விடுகிறார்கள். பழுது பார்க்கக் கேட்டால் உங்கள் டிராக்டர் கதையைக் காட்டுகிறார்கள். தூசி நெல்லோடு மறுபடியும் மிராசுதார் வாசலுக்குப் போகச் சொல்கிறீர்களா?

அதே டிராக்டர் நான்கு பத்தியிலும்தான் ஏறியது. மூன்றில் மயிரிழை வெடிப்பும் கிடையாது. அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். மைக் முன்னால் நின்று, ஊர் கேட்க, ஒன்று மட்டும் சொல்லுங்கள்: நீங்கள் ஊற்றிய பத்தி மட்டும் ஏன் வெடித்தது?