தலைவர் யாரு?

ஒரத்தநாடு தாண்டி ஒரு சிற்றூர். அரசே வேண்டாம் என்பவர்களின் மாநாட்டுக்கு வந்த நாங்கள் பூட்டிய மண்டபத்தின் வாசலில் நிற்கிறோம். போலீஸ்தான் பூட்ட வைத்திருக்கிறது.

"உங்க தலைவர் யாரு?" இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்கிறார்.

"தலைவர்னு யாரும் இல்லீங்க சார்."

அதுதான் உண்மை. பிடித்துப் போக ஆள் கிடைக்காத எரிச்சலில், மண்டபத்தை வாடகைக்கு விட்ட சலீம் பாயை ஜீப்பில் ஏற்றுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அவர் என்ன சார் பண்ணாரு?"

பாய் என்னைத் தடுக்கிறார். "சத்தம் போடாதீங்கம்மா. நீங்க சாயங்காலம் பஸ் ஏறிடுவீங்க. நான் இங்கதான் கடை வச்சிருக்கேன்."

அவர் சொல்வது நியாயம். அதனாலேயே கோபம் இன்னும் ஏறுகிறது. எங்கள் கூட்டத்தில், முன்பொரு முறை எரிவாயுக் குழாய் பதிக்க வந்த இயந்திரத்தை வயலில் படுத்து மறித்த ஸ்டெல்லா அக்கா, ஜீப்புக்கு முன்னால் போய் உட்காருகிறார். பக்கத்தில் நான். பிறகு எல்லோரும். தார் ரோடு சுடுகிறது. ஹாரன் அலறி ஓய்கிறது.

கடைசியில் பாயை இறக்கிவிடுகிறார்கள். யாரோ கை தட்டுகிறார்கள். அவர் எங்களைப் பார்க்காமல், கசங்கிய சட்டையை நீவிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்கிறார்.

நாளைக்கு அவர் கடை முன்னால் இதே ஜீப் வந்து நிற்கும். மறிப்பதற்கு நாங்கள் இருக்க மாட்டோம்.