விசிலுக்கு முன்னால்

நேற்று முன்தினம் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏழுமலை அண்ணனின் மகள். "அப்பா போய்ட்டாருங்க" என்றாள். பதினோரு வருடம் அவர் கண்டக்டர், நான் டிரைவர். ஜவ்வாது மலைக்கும் கண்ணமங்கலத்துக்கும் நாங்கள் ஓட்டிய பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கை காட்டினால் எங்கள் பஸ் நிற்கும். சாமை மூட்டையோடு யாராவது தூரத்தில் ஓடி வந்தாலும் அண்ணன் ஒற்றை விசில் கொடுத்துவிடுவார். நான் முணுமுணுத்தால், "இத வுட்டா அந்தாளுக்கு நாளைக்கிதான் பஸ்ஸு, டைவரே" என்பார். அந்தப் பழக்கத்தில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கும்தான்.

கண்ணமங்கலத்தில் தையல் படிக்கப் போன மலைப் பெண் வெண்ணிலாவும், மலைக்குப் புளி வாங்க வந்த கண்ணமங்கலத்துப் பையன் தினேஷும் பழகியது ஊருக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். அவள் முன்னால் உட்காருவாள், அவன் கடைசி சீட்டில். "இன்னா தம்பி, புளி வாங்க வந்துட்டு இன்னிக்கும் வெறுங்கையா?" என்று அவனைச் சீண்டுவார்.

அவளை மாமன் மகனுக்குக் கொடுப்பதென்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்த வாரம், இருவரும் துணிப்பையோடு ஏறினார்கள். அண்ணன் என் பக்கம் குனிந்து, "இன்னிக்கி எங்கயும் நிக்காதீங்க, டைவரே" என்றார். இரண்டு வளைவு தாண்டியிருப்போம். குறுக்குப் பாதையில் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஒற்றை விசில். பஸ் நின்றது. ஏறியவர் வெண்ணிலாவின் அப்பா. மகளைக் கையைப் பிடித்து இறக்கினார். தடுக்கப் போன தினேஷைப் பின்னால் வந்த உறவுக்காரர்கள் அடித்தார்கள். பஸ் நிறைய ஆட்கள் இருந்தோம், ஒருவரும் எழவில்லை.

மூன்றாம் நாள் அவள் எப்படியோ தப்பி அவனிடம் வந்திருக்கிறாள். இந்த முறை அவர்கள் பஸ்ஸுக்கு வரவில்லை. காட்டுக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

பெண் வீட்டார் பையனைச் சொன்னார்கள். பையன் வீட்டார் பெண்ணைச் சொன்னார்கள். டீக்கடையில் செல்போனைச் சொன்னார்கள். பேசி முடித்த பெரியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருமாதிக்குப் போன அண்ணனிடம் அந்த அப்பா சொன்னாராம்: "நீ நிறுத்தாம போயிருந்தா எங்கனா உயிரோட இருந்திருக்கும்பா என் பொண்ணு." அண்ணன் இதை என்னிடம் சொன்னபோது, மகளை இழுத்துப் போனவர் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன்.

"அவரு சொன்னது சரிதான் டைவரே" என்றார் அண்ணன். "ஊரே சேந்து செஞ்சதுதான். ஊருக்கு மொகமா இருக்குது? எனக்கு இருக்குது." அதன்பின் ஏழு வருடம், அவர் யாரையும் சீண்டிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஓடி வந்தவரை முதலில் பார்த்தது நான். நிற்க வேண்டாம் என்று அண்ணன் சொன்னது நினைவுக்கு வருவதற்குள் என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. பஸ் தயங்கிய பிறகுதான் அவர் விசில் ஊதினார். இதை அவருக்குச் சொல்ல எனக்கு ஏழு வருடம் இருந்தது. தினமும் பக்கத்தில் நின்று டீ குடித்தேன், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கொஞ்சம் நிம்மதியாகப் போயிருப்பார்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பழிதான். இனி அதைத் தன் மேல் போட்டுக்கொள்ள அவர் இல்லை.