சாக்குக் கன்று

பண்ணையைப் பின்னால் விட்டு நெடுஞ்சாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சட்டையெல்லாம் பால் கவிச்சி. அந்த நடை இன்று காலை நினைவில் திரும்ப வந்தது. மகள் பால் பெட்டியின் மூலையை வெட்டினாள்; அதில் ஒரு வாசனையும் இல்லை. இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பெட்டியைக் கண்டால் எனக்கு எரிகிறது.

எண்பதுகளில், மஸ்கட்டுக்கு மேற்கே கடலோரத்தில் ஒரு சின்னப் பண்ணை. அதற்கு முன் சவூதியில், ஜுபைலில் கம்பி கட்டினேன், பஹ்ரைனில், ஈசா டவுனில் சுவருக்குப் பெயின்ட் அடித்தேன். எங்கும் கால் தரிக்காத ஆள்; எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்திலும் தரிக்கவில்லை. அந்த மாடுகளோடு மட்டும் இரண்டு வருடம் இருந்துவிட்டேன். பண்ணைக்காரர், எங்களுக்கு விசா எடுத்த கபீல் சாலிம் எங்களோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர். கறப்பதற்குச் சிவம் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாம் சிந்தி மாடுகள். கன்றை முதலில் ஊட்டவிட வேண்டும், இல்லையென்றால் பாலை அடக்கிக்கொள்ளும். மஸ்கட் நகரத்து ரூவியில் ஹனீபா காக்காவின் டீக்கடைக்கு எங்கள் பால்தான்.

பிறகு அரசாங்க விவசாய அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். கிணறுகளில் உப்பு ஏறுகிறதாம். தீவனப் புல் தண்ணீரைக் குடிக்கிறதாம். சின்னப் பண்ணைகள் மந்தையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமாம். சாலைக்கு அந்தப் பக்கம், வெளிநாட்டு மாடுகளைக் கொட்டகையில் நிறுத்திப் பகலெல்லாம் அவற்றின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கம்பெனிப் பண்ணை அவர் கண்ணில் படவேயில்லை. கறவை மாடும் ஒரு தலை, நேற்றுப் பிறந்த கன்றும் ஒரு தலை. அதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

மாட்டைக் கொடுத்தால் பால் போகும். கன்றைக் கொடுத்தால்? சாலிம் சிவம் அண்ணையைப் பார்த்தார். அண்ணை யோசிக்கவேயில்லை.

"கண்டுகளை ஏத்தி விடச் சொல்லு தம்பி. ஊரிலை கண்டு செத்தா, வைக்கல் கண்டு வைச்சுத்தானே கறக்கிறனாங்கள்."

இந்தியில் சாலிமுக்குச் சொன்னேன். லாரி வந்து கன்றுகளை ஏற்றிக்கொண்டு போனது. அண்ணை சாக்கில் வைக்கோலைத் திணித்து, நான்கு கால் தைத்து, கன்றுகள் படுத்த மண்ணை அதன்மேல் தேய்த்தார். மாடு வந்து முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊரில் செத்த கன்றின் தோலுக்குள்தான் வைக்கோல் இருக்கும். மாடு நக்குவது அந்தத் தோலை. இங்கே தோல் உயிரோடு லாரியில் போயிருந்தது.

"இந்தச் சாக்குக்கு மீசையும் வச்சுப் பாப்பமா அண்ணே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மாடுகள் கத்தின. மடிகள் வீங்கின, பிறகு வற்றின. கன்றுகளைத் திருப்பிக் கேட்கப் போன சாலிமிடம், அவை அன்றைக்கே இறைச்சிக்குப் போய்விட்டன என்றார்களாம். பால் வற்றிய மாடுகளும் அதே வழியில் போயின. பாதி மந்தையைக் கேட்டவர்களுக்கு முழு மந்தையும் கிடைத்தது.

"கலாஸ்", எல்லாம் முடிந்தது என்றார் சாலிம், காலிக் கொட்டகையில் நின்றுகொண்டு. வேறு இடத்தில் வேலைக்குச் சேர எங்கள் இருவருக்கும் ரிலீஸ் கடிதம் கொடுத்தார். அண்ணை சாக்கின் தையலைப் பிரித்து வைக்கோலை உதறினார். வெறும் சாக்கை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இப்போது அங்கே வில்லா வரிசை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு மாடும் இல்லை. கம்பெனிப் பண்ணை மட்டும் பெருத்திருக்கிறது.

அன்று நடந்து நெடுஞ்சாலையை அடைந்தவன், மறுநாள் காலை அந்தக் கம்பெனியின் பால் வேனில் வேலைக்கு ஏறினேன். வேறு வேலை இருக்கவில்லை. முதல் கடை ஹனீபா காக்காவுடையது. பெட்டிகளை இறக்கி வைத்தேன். காக்கா ஒன்றை வெட்டி முகர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.